இருபத்தேழாவது வாக்கியம்

நாற்பத்தைந்து நிமிஷம். நாற்பத்துநாலும் கிடையாது, நாற்பத்தாறும் கிடையாது. நெதர்லாந்துக்காரர்களுக்கு எதிலும் ஒரு நேரக்கட்டு உண்டு என்று செண்பகவல்லிக்குத் தெரியும்; ஆனால் ஐந்து வருஷம் உயிரைக் கொடுத்து எழுதின ஆராய்ச்சியைக்கூடக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் விசாரிப்பார்கள் என்பது இந்தப் பழைய பல்கலைக்கழகத்துக்கு வந்தபிறகுதான் தெரிந்தது. முனைவர் பட்டத்துக்கு நிற்கிறவளை ஒரு சின்ன மரக்கூண்டுக்குள் நிறுத்துவார்கள். எதிரே உயரமான மேஜைக்குப் பின்னால் கறுப்பு அங்கியும் தட்டைத் தொப்பியுமாக ஏழு பேர் உட்கார்ந்து மாற்றி மாற்றிக் கேள்வி கேட்பார்கள். இரண்டு பக்கமும் துணைக்கு இரண்டு தோழிகள் நிற்க வேண்டும், மயக்கம் போட்டு விழுந்தால் தாங்கிப் பிடிக்க என்று கேலியாகச் சொல்வார்கள். சரியாக நாற்பத்தைந்தாவது நிமிஷம் கதவு திறக்கும். கட்டியங்காரி வெள்ளிப் பூண் போட்ட கோலோடு வந்து தரையில் ஒரு தட்டுத் தட்டி, லத்தீனில் 'நேரமாயிற்று' என்பாள். அதற்கப்புறம் யாரும் பேசக்கூடாது. இன்றைக்கு மயக்கம் வந்தால் தேவலை என்றுதான் செண்பகவல்லிக்கு இருந்தது. எங்கே, அந்தக் கொடுப்பினையும் இல்லை; காலையில் இரண்டு ரொட்டி சாப்பிட்டிருந்தாள், தலை தெளிவாகவே இருந்தது. இந்த நாற்பத்தைந்து நிமிஷத்துக்குள் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாலாவது அத்தியாயம் தப்பு. வேண்டுமென்று தப்பாக எழுதவில்லை. எழுதி, அச்சடித்து, பச்சை அட்டை போட்டு வந்தபிறகு தப்பாகப் போய்விட்டது. அது தப்பு என்று இந்த மண்டபத்தில் தெரிந்தவள் இவள் ஒருத்திதான். அதற்குக் காரணமானவள் பின்னால் இரண்டாவது வரிசையில் நீலக் கோட்டும் முத்து மாலையுமாக, பெற்ற பெண்ணுக்குப் பட்டம் கொடுக்கிற மாதிரிப் பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தாள். செண்பகவல்லி திரும்பிப் பார்க்கவில்லை. பிடரியிலேயே அந்தப் பார்வை தெரிந்தது.

முதல் கேள்வியைக் கேட்டவர் ஒரு வழுக்கைத் தலைப் பெரியவர். கேள்வியா அது, பிரசங்கம். இரண்டாவது அத்தியாயத்தைப் பற்றி ஆரம்பித்தார், தன் பழைய கட்டுரை ஒன்றுக்குப் போனார், அங்கிருந்து எழுபதுகளில் யாரோ யாரோடோ போட்ட சண்டைக்குப் போனார். பேசட்டும், பேசட்டும், நிமிஷம் ஓடட்டும் என்று ஒரு மனசு சொன்னது. ஐயோ நிமிஷம் ஓடுகிறதே என்று இன்னொரு மனசு அடித்துக்கொண்டது. பதில் சொல்கிறபோது ஒவ்வொருத்தரையும் 'பேரறிவுடைய எதிர்வாதியே' என்று விளித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும், அதுவும் வழக்கம். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் நின்று ஒருத்தரை இப்படிக் கூப்பிட்டால் அடிக்க வருவார்கள். "பேரறிவுடைய எதிர்வாதியே, உங்கள் கேள்விக்கு நன்றி" என்றாள். டச்சில்தான். ஆங்கிலத்திலேயே பேசலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். இவள்தான் வீராப்பாக மாட்டேன் என்றாள், டச்சைப் பற்றி எழுதிவிட்டு டச்சில் பேசாவிட்டால் எப்படி என்று. வாய் பதில் சொல்லிக்கொண்டே போனது. டச்சுக்காரன் வினைச்சொல்லை வாக்கியத்தின் இரண்டாவது இடத்தில் ஆணியடித்து வைத்திருக்கிறான். அதற்கு முன்னால் ஒரே ஓர் இருக்கை. மினி பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்து ஸீட் மாதிரி, ஒருத்தர்தான் உட்காரலாம். ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்த சங்கதி எதுவோ அது பெரும்பாலும் அதில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். கேட்கிறவனுக்குத் தெரியாத புதுச் செய்தி பின்னால் தள்ளித்தான் நிற்க வேண்டும். நேற்று என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால், 'நேற்று' முன்னே வரும், 'மீன்' பின்னே வரும். பேசிப் பழகின மீன் என்றால், அந்த மீனை என்று சுட்டும்படியான மீன் என்றால், அது 'நேற்று' என்ற சொல்லைத் தாண்டிக்கொண்டு முன்னே போகலாம். புது மீன் தாண்டக்கூடாது. இவ்வளவுதான் விஷயம். அம்மாவிடம் ஒருநாள் இதை விளக்கப்போய், "நாம மீனை எங்கன கொண்டு வச்சாலும் மீன் மீன்தானட்டி, இதுக்கா அஞ்சு வருசம்?" என்று அம்மா கேட்டாள். அவள் கேட்டதும் நியாயம்தான். தமிழில் வினையைக் கடைசியில் உட்காரவைத்துவிட்டால் மற்றவர்கள் கல்யாண வீட்டுக் கூட்டம் மாதிரி எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். அதனால்தானோ என்னவோ, டச்சில் அந்த மீன் அடைபட்டுக் கிடப்பது இவளுக்குப் பொறுக்கவில்லை. அழுத்திச் சொன்னால், கறி இல்லை மீனாக்கும் என்று வீம்பாகச் சொன்னால், அப்போது புது மீனும் தாண்டும் என்று இவளுக்குத் தோன்றியது. தோன்றினால் போதுமா? அந்த மொழியைத் தாய்ப்பாலோடு குடித்தவர்கள் சொல்ல வேண்டும். சொன்னார்கள். பதினெட்டுப் பேர் சொன்னார்கள். அதுதான் நாலாவது அத்தியாயம். யாரும் இதுவரை சொல்லாதது. புத்தகத்துக்கு மதிப்பே அதனால்தான். அந்த மீன் வாக்கியம் இருபத்தேழாவது வாக்கியம்.

பதினெட்டுப் பேரும் இவள் குடியிருந்த தெருவின் சமூகக்கூடத்தில் புதன்கிழமை காலைதோறும் காப்பி குடிக்கக் கூடுகிறவர்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், பொழுது போகாதவர்கள். எட்டுப் புதன்கிழமை அவர்களிடம் போனாள். நாற்பத்திரண்டு வாக்கியம், ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஏழு வரை மதிப்பெண்: இப்படி யாரும் பேசமாட்டார்கள் என்றால் ஒன்று, தாராளமாகப் பேசலாம் என்றால் ஏழு. வெறுங்கையோடு போகக் கூச்சமாக இருந்ததால் ஊரிலிருந்து கொண்டுவந்த கடலைமிட்டாயை எடுத்துப் போனாள். அந்தக் கிழங்களின் பொய்ப்பல் அதில் பட்ட பாடு இருக்கிறதே! ஹெங்க் என்று ஒருத்தர், முன்னாள் டிராம் டிரைவர், பல் செட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் வைத்துவிட்டு மிட்டாயைச் சப்பிச் சப்பித் தின்றார். நல்ல மனுஷர்கள். அவர்கள் முகத்துக்கு நேரே பேசுகிறவர்கள், அதுதான் இவளுக்குத் தெம்பாக இருந்தது. டச்சுக்காரன் உன் சட்டை நன்றாக இல்லை என்றால் நன்றாக இல்லை என்பான், உன் சாம்பார் காரம் என்றால் காரம் என்பான், முகதாட்சண்யத்துக்குப் பொய் சொல்லத் தெரியாத ஜனங்கள். ஆராய்ச்சிக்கு இதைவிட என்ன வேண்டும்? முதல் புதன்கிழமை ஒன்றும் இரண்டுமாகத்தான் போட்டார்கள். அடுத்த வாரத்திலிருந்து ஐந்து, ஆறு. பழகப் பழக வாக்கியம் காதில் ஏறுகிறது, அது தெரிந்த விஷயம்தான் என்று இவள் ஓர் அடிக்குறிப்பும் எழுதினாள். அடிக்குறிப்பு பன்னிரண்டு. அது இப்போது நினைவுக்கு வந்தது. கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் நின்ற தோழி ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துத் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தாள்.

இரண்டாவது கேள்வி வந்தது, மூன்றாவது வந்தது. யாரோ தமிழைப் பற்றிக் கேட்டார்கள், சந்தோஷமாகப் பதில் சொன்னாள், வாய் பாட்டுக்குச் சிரித்துக்கூட வைத்தது. உள்ளே மூன்று வாரத்துக்கு முந்தின அந்தச் சனிக்கிழமையே சுற்றிச் சுற்றி வந்தது. புத்தகம் அச்சாகி வந்த சூட்டோடு முதல் பிரதியை டினெக்கேயிடம் கொண்டு போனாள். பின்னால் நீலக் கோட்டில் உட்கார்ந்திருக்கிறாளே, அவள்தான்; அந்தப் பதினெட்டுப் பேரில் ஒருத்தி. தபாலாபீஸ் கவுண்டரில் முப்பது வருஷம் ஸ்டாம்ப் விற்றவள், இவள் குடியிருந்த மாடிக்குப் போகிற படியில் இவளை முதல்நாள் பார்த்தபோதே, "உன் பேர் எனக்கு வாயில் நுழையாது, செம்பா என்று கூப்பிடுகிறேன், கோபித்தால் கோபித்துக்கொள்" என்றவள். நன்றியுரையில் தன் பெயரைப் பார்த்ததும் கண் கலங்கினாள். அப்புறம் புரட்டினாள். இருபத்தேழாவது வாக்கியத்தில் விரலை வைத்து உரக்கப் படித்தாள். படித்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "அடப் பெண்ணே, இப்படி எந்த மனுஷனாவது பேசுவானா?" என்றாள். செண்பகவல்லியும் சிரித்தாள், கேலி என்று நினைத்து. "நீங்கள் ஆறு போட்டீர்களே" என்றாள். "போட்டேன். முதல் வாரம் ஒன்று போட்டேன், ஞாபகம் இருக்கிறதா? உன் முகம் அப்படியே தொங்கிப்போய்விட்டது. பாவம், தூரதேசத்துப் பெண், ஊரைவிட்டு வந்து மீனும் நேற்றுமாகக் கிடந்து அல்லாடுகிறது, நாம் இவளை எதற்குப் போட்டு நோகடிக்க வேண்டும் என்று ஹெங்க்தான் சொன்னார். அப்புறம் எல்லோரும் பேசிவைத்துக்கொண்டு ஐந்தும் ஆறுமாகப் போட்டோம். ஏழு போட்டால் சந்தேகம் வரும் என்று நான்தான் சொன்னேன்." தன் சாமர்த்தியத்தை நினைத்து அவளுக்கே பெருமை. "எப்போது பேசினீர்கள்? நான் கூடவேதானே இருந்தேன்?" "நீ எங்கே இருந்தாய்? நீதான் கப் கழுவப் போய்விடுவாயே!"

கப் கழுவப் போனாள். எட்டுப் புதன்கிழமையும் போனாள். இதைத்தான் மனசு விடவில்லை, பல் இடுக்கில் சிக்கின நார் மாதிரி நாக்கு அங்கேயே போய்ப் போய் நின்றது. வயசான பதினெட்டுப் பேர் குடித்துவிட்டு வைத்த எச்சில் கப் மேஜையில் கிடக்கிறபோது சின்னவள் ஒருத்தி எப்படிக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது? யாரும் சொல்லவில்லை, கை தானாக எடுத்தது, கால் தானாக அடுக்களைக்குப் போனது. கழுவித் துடைத்து அடுக்கிவிட்டு வர இருபது நிமிஷம் ஆகும். அந்த இருபது நிமிஷம் தாள்கள் மேஜைமேல், பேனாக்கள் அவர்கள் கையில், அவர்கள் ஒருத்தர் காதை ஒருத்தர் கடித்துக்கொண்டு. பதில் சொல்கிறவர்கள் கலந்து பேசக்கூடாது, அவர்களைத் தனியே விட்டுவிட்டு நகரக்கூடாது என்று முதல் வருஷப் பிள்ளைகளுக்கு இவளே வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். சொல்லிக்கொடுத்த வாய் அது. புத்தகத்தில் எண்பத்தொன்பதாம் பக்கத்தில் 'ஒவ்வொருவரும் தனித்தனியே, பிறருடன் கலந்தாலோசிக்காமல் மதிப்பிட்டனர்' என்று எழுதியிருக்கிறாள். எழுதும்போது அது உண்மை என்றுதான் நம்பினாள். நம்பினாளா? அடுக்களையில் தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலாக ஒருநாள் எல்லோரும் சேர்ந்து சிரித்த சத்தம் கேட்டதே, அப்போது என்ன என்று எட்டிப் பார்த்திருக்க வேண்டாமா? என்னமோ ஜோக் என்று நினைத்தாள். இல்லை, அப்படிக்கூட நினைக்கவில்லை, சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று இவளும் சந்தோஷப்பட்டுக்கொண்டே தேய்த்தாள். சனியன் பிடித்த கப்.

டினெக்கே சொன்ன அன்றைக்கே பேராசிரியரிடம் சொல்லியிருக்கலாம். ரூலோஃப் தங்கமான மனுஷர், இவளுடைய வழிகாட்டி, கத்தமாட்டார். திங்கட்கிழமை காலையிலேயே அவர் அறை வாசலுக்குப் போனாள். "செம்பா! வா, வா" என்று எழுந்துவந்து கையைக் குலுக்கினார், தேர்வுக் குழுவில் ஏழு பேரும் ஒப்புதல் கையெழுத்துப் போட்டாகிவிட்டது, நாலாவது அத்தியாயத்தைத் தனிக் கட்டுரையாகப் போட மூன்று பேர் கேட்கிறார்கள், வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் இவளுக்காகவே ஒரு வேலை காத்திருக்கிறது என்றார். சொல்ல வந்ததை விட்டுவிட்டு, நன்றி சொல்லிவிட்டு வந்தாள். புதன்கிழமை மறுபடி போனாள். அன்றைக்கு அவர் கோட்டை மாட்டிக்கொண்டு ரயிலுக்கு ஓடிக்கொண்டிருந்தார். அப்புறம் போகவில்லை. போகாமலிருக்க ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் கிடைத்தது. அம்மா வேறு. அம்மா தெரு பூராவும் சொல்லிவிட்டாள், ஜவுளிக்கடைக்குப் போய்ச் சொல்லிவிட்டாள், செண்பகவல்லியம்மன் சன்னதியில் பட்டருக்கும் சொல்லிவிட்டாள். நேற்று போனில், "அண்ணன் டிவியில மாட்டித் தாரேன்னுருக்கான், அஞ்சு மணிக்கு எல்லாரும் வாராக. நீ நல்லாச் சத்தமாப் பேசு. நீ சின்னப் பிள்ளையிலருந்தே முழுங்கி முழுங்கிப் பேசுவ" என்றாள். "வெளங்காதும்மா, டச்சுல பேசுவேன்." "வெளங்காட்டா என்ன, ஒன் மூஞ்சியப் பாப்போம்ல." சுவரோரத்தில் ஒரு காமிரா இவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் சிவப்புப் பொட்டுக்குப் பின்னால் அம்மாவும் பெரியம்மாவும் எதிர்வீட்டு மாமியும் வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருப்பது தெரிகிற மாதிரியே இருந்தது. இப்போது இவள் நின்ற நிலையில் எல்லாவற்றையும் போட்டு உடைத்தால் அம்மாவுக்கு விளங்காது. ஆனால் மூஞ்சி விளங்கும். இங்கே டினெக்கேக்கு விளங்கும். நீதானே கெடுத்தாய் என்று ஏழு அங்கிகளுக்கு முன்னால் விரல் நீட்டின மாதிரி ஆகும். இரக்கப்பட்டவளை எப்படிக் காட்டிக்கொடுப்பது? காட்டிக்கொடுக்காமல் எப்படி உண்மையைச் சொல்வது? எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். யாராவது கேட்டால் சொல்லிவிடலாம் என்று மூன்று வாரமாக ஒரு மூலையில் வைத்திருந்தாள். தானாகச் சொல்லத்தான் வாய் வரவில்லை; கேட்டால் பொய் சொல்லமாட்டேன், அது மட்டும் நிச்சயம் என்று தனக்குத் தானே சமாதானம். கேட்கவும் கூடாது, கேட்டுவிடவும் வேண்டும். கோழைக்கு வேறு என்ன வேண்டுதல் தோன்றும்?

கேட்டுவிட்டார்கள். ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஹெலேன், தெற்கே ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர், ஒல்லியான முகம், அதுவரை ஒரு வார்த்தை பேசாமல் பென்சிலை உருட்டிக்கொண்டிருந்தவர். மேஜைமேல் இருந்த கடிகாரம் இவளுக்குத் தலைகீழாகத் தெரிந்தது, நாற்பத்தொன்றா, நாற்பத்திரண்டா. "மதிப்புக்குரிய வேட்பாளரே, எனக்கு உங்கள் புத்தகம் பிடித்திருந்தது" என்று ஆரம்பித்தார். "நாலாவது அத்தியாயம் மிகவும் பிடித்திருந்தது. அதனால் இருபத்தேழாவது வாக்கியத்தை என் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். என் தங்கையிடம் காட்டினேன். என் வகுப்பில் நாற்பது பேரிடம் காட்டினேன். ஒருவர்கூட மூன்றுக்கு மேல் போடவில்லை. உங்கள் பதினெட்டுப் பேரும் ஐந்தும் ஆறுமாகப் போட்டிருக்கிறார்கள். அபூர்வமான மனிதர்கள்." மண்டபத்தில் லேசாகச் சிரிப்பு. டினெக்கேயின் சிரிப்பும் அதில் கேட்டது, தன்னைப் புகழ்கிறார்கள் என்று. "அந்தப் புதன்கிழமைகளில் என்ன நடந்தது என்று சொல்ல முடியுமா? அட்டவணை வேண்டாம். காலையில் கதவைத் திறந்து உள்ளே போனதிலிருந்து சொல்லுங்கள்." குரலில் பகை இல்லை. குற்றம் கண்டுபிடிக்கிற துள்ளல்கூட இல்லை. தெரிந்துதான் கேட்கிறார் என்று செண்பகவல்லிக்குப் பட்டது. வழி திறந்து வைத்துவிட்டு, வருகிறாயா என்று ஒதுங்கி நிற்கிற மாதிரி இருந்தது. இதைவிட நல்ல கேள்வி வராது. இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் இல்லை. "பேரறிவுடைய எதிர்வாதியே," என்றாள், "உங்கள் கேள்விக்கு நன்றி. மிக முக்கியமான கேள்வி." தண்ணீர் குடித்தாள். முதல் இருக்கையில் எதை உட்காரவைப்பது? 'நான்' என்று தொடங்கினால் நான் தவறிவிட்டேன் என்று ஒரே மூச்சில் முடிந்துவிடும். 'அவர்கள்' என்று தொடங்கினால் டினெக்கே தலையில் விழும். கேள்வி புதன்கிழமையைப் பற்றி. கேட்ட சங்கதி முன்னே வர வேண்டும், புதுச் செய்தி பின்னே. ஐந்து வருஷப் பழக்கம், நாக்கு கேட்குமா? "அந்தப் புதன்கிழமைகளில்" என்றே தொடங்கினாள். அப்புறம் சமூகக்கூடம் எப்படி இருக்கும் என்று சொன்னாள். நீள மேஜை, ஜன்னலோரத்தில் ஜெரேனியம் தொட்டி, பத்தரை மணிக்குக் காப்பி. எதற்கு இதெல்லாம் சொல்கிறேன் என்று உள்ளே ஒருத்தி கத்தினாள். கடலைமிட்டாயைப் பற்றிச் சொன்னாள். மண்டபம் சிரித்தது. சிரிப்பு அடங்கக் காத்திருந்தாள். சொல், சொல், சொல்லித் தொலை. "காப்பி முடிந்ததும், எட்டு வாரமும், நான் என்ன செய்தேன் என்றால்" என்று மூச்சை இழுத்தாள், கதவு திறந்தது. கட்டியங்காரி நிதானமாக நடந்து வந்தாள். கோலின் முனையில் கட்டியிருந்த சின்ன மணிகள் குலுங்கின. டொம் என்று தரையில் ஒரு தட்டு. நேரமாயிற்று என்றாள்.

செண்பகவல்லி வாயைத் திறந்தபடி நின்றாள். அழுகையா ஆறுதலா என்று பிரிக்கத் தெரியவில்லை. சொல்லத்தான் வந்தேன், சொல்ல விடவில்லை, நான் என்ன செய்ய முடியும் என்று மனசு அதற்குள் கணக்காகப் படுத்துக்கொண்டது. அப்போது நடுவில் உட்கார்ந்திருந்த தலைவர், நரைத்த தாடிக்காரர், தொப்பியைச் சரிசெய்துகொண்டு புன்னகையோடு குனிந்தார். "வேட்பாளர் விரும்பினால், தொடங்கிய வாக்கியத்தை முடித்துக்கொள்ளலாம்." விதி கறாராக இருக்கிற இடத்திலும் இப்படி ஒரு சலுகை உண்டு, தலைவர் பிரியப்பட்டால் தரலாம். எதற்கு இந்தப் பிரியம்? யார் கேட்டார்கள்? எல்லோரும் இவளையே பார்த்தார்கள். ஹெலேன் பென்சிலைக் கீழே வைத்திருந்தார். அவசரமே இல்லை. ஒரு வாக்கியம், இவள் இஷ்டம், இஷ்டப்பட்ட நீளம். யாரும் கோலைத் தட்டமாட்டார்கள். செண்பகவல்லி முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தாள். டினெக்கே இரண்டு கட்டை விரலையும் மார்புக்கு முன்னால் தூக்கிப் பிடித்திருந்தாள், கண்ணில் தண்ணீர். அவளுக்குப் பக்கத்தில் ஹெங்க் பல் செட்டோடு சிரித்தார். சுவரோரம் அந்தச் சிவப்புப் பொட்டு. திரும்பினாள். தலைவருக்குப் பக்கத்தில் இருந்த ரூலோஃப், ஆகட்டும் என்பதுபோலத் தலையசைத்தார். "தேவையில்லை, தலைவர் அவர்களே" என்றது ஒரு குரல், இவளுடையதுதான். தெளிவான டச்சு, உச்சரிப்புக்கூடப் பிசகவில்லை. "வாக்கியம் முடிந்துவிட்டது." மண்டபம் கொல்லென்று சிரித்துக் கைதட்டியது. அருமையான பதில் என்று தோழி காதில் சொன்னாள். ஹெலேன் மட்டும் சிரிக்கவில்லை. புத்தகத்தை மூடினார், பென்சிலை அதற்கு மேல் வைத்தார், மற்றவர்களோடு எழுந்து வரிசையில் சேர்ந்து வெளியே போனார். கூண்டைக் கடந்து போகிறபோது இவள் பக்கம் பார்க்கவே இல்லை.

கால் மணி நேரம் உள்ளே கூடிப் பேசிவிட்டு ஏழு பேரும் திரும்பி வந்தார்கள். அந்தக் கால் மணியில் யார் யாரோ வந்து கட்டிப்பிடித்தார்கள், கன்னத்தில் மூன்று முத்தம் கொடுத்தார்கள். செண்பகவல்லிக்கு ஒன்றும் பதியவில்லை. இன்றைக்கு இல்லாவிட்டால் என்ன, அடுத்த வாரம் ரூலோஃபிடம் சொல்லலாம். ஒரு திருத்தம் எழுதி அனுப்பலாம். ஹெலேனுக்கே கடிதம் போடலாம் என்று ஒன்றன்மேல் ஒன்றாகத் தோன்றிக்கொண்டே இருந்தது. எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னார்கள். தலைவர், குழு பட்டம் வழங்க முடிவு செய்துவிட்டது என்றார். ரூலோஃப் சிவப்பு உருளையில் சுருட்டின பட்டத்தோடு இறங்கி வந்து எதிரே நின்றார். நல்ல உயரம், அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். ஒரு தாளைப் பிரித்துப் படித்தார். இது ஒன்று இருப்பதை இவள் மறந்தே போயிருந்தாள். நேற்று ஒத்திகையில்கூட விளையாட்டாகச் சொல்லிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார்கள். "உமது அறிவியல் பணியை எப்போதும் நேர்மையாகவும், கவனமாகவும், எதையும் மறைக்காமலும், யாருக்கும் கட்டுப்படாமலும், பொறுப்போடும் செய்வீர் என்று உறுதி கூறுகிறீரா?" படித்துவிட்டு அன்போடு காத்திருந்தார். பதிலுக்கு ஐந்து வார்த்தை, மாற்ற முடியாதது. டச்சில் அதன் வரிசையே வேறு: 'அதை' என்று தொடங்கும், கேட்ட சங்கதியல்லவா, முதல் இருக்கை அதற்கு, அப்புறம் அறிவிப்பதும் வாக்களிப்பதும், எல்லாம் ஆனபிறகு, கடைசியாக, 'நான்'. முதல் வருஷப் பிள்ளைகளுக்குப் பலகையில் எழுதிப்போட அது நல்ல உதாரணம் என்று இவளே சொல்லியிருக்கிறாள். கட்டியங்காரி கோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஓரமாக நின்றாள். எங்காவது ஒரு கதவு திறக்காதா என்று இருந்தது. முடியாது என்று சொல்கிறவர்கள் எப்படிச் சொல்வார்கள், எந்த இடத்தில் எழுந்து நிற்பார்கள், அதற்கெல்லாம் எங்கே தனியாகத் தைரியம் கிடைக்கிறது? செண்பகவல்லி அந்த ஐந்து வார்த்தையையும் சொன்னாள். ஒன்றையும் விழுங்கவில்லை.

வெளியே வராந்தாவில் ஆளுக்கொரு கிளாஸோடு நின்றுகொண்டிருந்தபோது அம்மா போனில் கூப்பிட்டாள். பின்னால் ஒரே கூச்சல், யாரோ குலவை போட்டார்கள். "பாத்தோம்ட்டி! பூராவும் பாத்தோம்! என்னா ராஜாத்தி மாதிரி நின்ன! மத்ததெல்லாம் ஒண்ணும் கேக்கல, கொர்ருகொர்ருன்னு சத்தம். கடைசியா அந்த நெட்டை வாத்தியார் என்னமோ கேட்டாரு, நீ சத்தமாச் சொன்ன பாரு, அது மட்டும் கணீர்னு கேட்டுச்சு. என்னட்டி கேட்டாரு?"

"ஒண்ணுமில்லம்மா. நேர்மையா இருப்பியான்னு கேட்டாரு."

"நல்லாக் கேட்டாரு போ! அதைப் போயி ஒங்கிட்டக் கேக்கணுமாக்கும்" என்றாள் அம்மா.